ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்: ஊரில் குடும்ப நலப் பிரச்சாரம் நடத்துவது எப்படி

பிரச்சாரம் என்றதும் எல்லோருக்கும் முதலில் ஃபிளெக்ஸ்தான் ஞாபகம் வருகிறது. இளைஞர் மன்றம், மகளிர் குழு, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் என்று யார் வந்து யோசனை கேட்டாலும், "மேடம், என்ன வாசகம் போடலாம்?" என்பதே முதல் கேள்வி. வாசகம் கடைசியில் வரட்டும். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

நான் தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஊர்களில்தான் பெரும்பாலும் வேலை. போலியோ சொட்டு மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, தாய்ப்பால் வாரம், டெங்கு, கொரோனா என்று அரசு அறிவித்த பிரச்சாரம் எல்லாவற்றுக்கும் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். சில எடுபட்டன, சில போஸ்டரோடு கிழிந்து போயின. எடுபட்டவை எல்லாம் ஊரிடம் ஒரே ஒரு காரியத்தைத்தான் கேட்டன. அந்த ஒரு காரியத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சொல்வது, நடந்ததா என்று எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் நாடு முழுவதும் சொட்டு மருந்து முகாம் தொடங்கியது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸின் கடைசிப் பாதிப்பு. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்துவிட்டது. அத்தனை வருஷமும் தாய்மார்களுக்கு நாங்கள் வைரஸ் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. "இந்த ஞாயிற்றுக்கிழமை, அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளையை நம்ம பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டு வாங்க." அவ்வளவுதான் சேதி. யார், எங்கே, எப்போது, என்ன என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. வந்தாயிற்றா இல்லையா என்பதைச் சுண்டுவிரல் மையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"சுத்தம் சுகம் தரும்" என்று சுவரில் எழுதினால் படிப்பவர் தலையாட்டிவிட்டுப் போவார். அவர் ஏற்கெனவே அதை நம்புகிறவர்தான். அதனால் காரியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இதை ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்க்க முடியுமா? "டெங்குவைத் தடுப்போம்" என்பதைப் பார்க்க முடியாது. "வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுவோம்" என்பதைப் பார்க்கலாம். ஏடிஸ் கொசு முட்டையைத் தொட்டியின் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை அப்படியே இருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு தேய்ப்பு. காரணம் இவ்வளவு இருந்தாலும் ஊருக்குச் சொல்ல வேண்டியது "வெள்ளிக்கிழமை, தேய்" என்கிற இரண்டு வார்த்தைதான். காரணம் கேட்கிறவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிக்கொள்ளலாம்.

இனி ஒரே ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் போகிறேன். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, அதற்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அதாவது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு–குளுக்கோஸ் தூள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைப்போம். அதுதான் இதில் உள்ள சிக்கலே.

அடுப்படி வரை போய்ப் பாருங்கள்

மைக் பிடிப்பதற்கு முன்னால், கைக்குழந்தை இருக்கும் வீடுகள் சிலவற்றுக்குப் போய் உட்காருங்கள். "ஓ.ஆர்.எஸ். தெரியுமா?" என்று கேட்காதீர்கள். தெரியும் என்பார்கள், எழுதிக்கொண்டு வந்துவிடுவீர்கள். "போன தடவை பாப்பாவுக்கு வயித்தால போனப்போ என்னம்மா பண்ணீங்க? முதல்ல யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேளுங்கள். அப்புறம் ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "கரைச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாக்கெட்டை ஓரத்தில் பல்லால் கிழிப்பார்கள். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்து, அதில் கால் பாக்கெட்டைக் கண்ணளவாகக் கொட்டிக் கலக்குவார்கள். மீதியை மடித்து, துணி மாட்டும் கிளிப் போட்டு, சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். சிக்கனம்தான் காரணம். இலவசமாகக் கிடைத்தாலும் மருந்தை வீணாக்கக் கூடாது என்கிற நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பாக்கெட்டில் இருக்கும் 20.5 கிராமும் மொத்தமாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று கணக்குப் பார்த்துச் செய்தது. கண்ணளவு கூடிப்போனால் உப்புக் கரைசல் கெட்டியாகி, ஏற்கெனவே வறண்டு கிடக்கும் குழந்தைக்குக் கெடுதலாகவே முடியலாம். குறைந்துபோனால் பிரயோஜனம் இல்லை.

சரி, ஒரு லிட்டரை அந்த வீட்டில் எதில் அளப்பது? சொம்புக்குச் சொம்பு அளவு மாறும். "ஐந்து டம்ளர்" என்று நோட்டீஸில் போடுவார்கள். யார் வீட்டு டம்ளர்? இப்போது பெரும்பாலான வீடுகளில் கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றாவது கிடக்கும், பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறதோ, வயலுக்குப் போகிறதோ. அதைக் கழுவி, கழுத்து வரை நிரப்பிப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டால் அளவு முடிந்தது. பாட்டில் இல்லாத வீட்டில் அவர்கள் சொம்பிலேயே அளந்து காட்டி, எங்கே வரை என்று விரல் வைத்துச் சொல்லிவிட்டு வாருங்கள். இந்த விவரம் எந்தப் போஸ்டரிலும் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் கிடைக்கும்.

இன்னொன்றும் அங்கேதான் கிடைக்கும்: முடிவெடுப்பது யார் என்பது. எங்கள் பக்கத்தில் அப்பா அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ போயிருப்பார்கள். பிள்ளை பாட்டியிடம் இருக்கும். பாட்டிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களும் உண்டு. "அன்பார்ந்த தாய்மார்களே" என்று தொடங்கும் துண்டுப்பிரசுரம் அந்தப் பாட்டியிடம் போய்ச் சேரவே சேராது.

பாட்டிகள் சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காமல் கேளுங்கள். "பல்லு மொளைக்குது, போகத்தான் செய்யும்." "மாந்தம், மருந்து ஊத்துனா சரியாயிடும்." இதற்கெல்லாம் பெரும்பாலும் சண்டை போடத் தேவையில்லை. பல் முளைக்கிறதோ இல்லையோ, தண்ணீர் வெளியே போகிறது, அதை உள்ளே கொடுங்கள் என்றால் போதும். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் நீங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பாட்டி என்னிடம் நேராகக் கேட்டார்: "ஏன் நர்ஸம்மா, தண்ணி குடுக்கக் குடுக்கத்தானே இன்னும் ஜாஸ்தி போவுது?"

அவர் பார்த்தது பொய்யில்லை. ஓ.ஆர்.எஸ். போக்கை நிறுத்தாது. போன தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டும், அவ்வளவுதான். பிரச்சாரக்காரர்கள் ஆர்வத்தில் "வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்." என்று மொட்டையாகச் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் அதை "நின்றுவிடும்" என்று எடுத்துக்கொள்கிறார். அன்று சாயந்திரம் வரை நிற்கவில்லை என்றதும் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊசி போடுகிறவரிடம் ஓடுகிறார். நான் பாட்டியிடம் சொன்னது: "போறது ரெண்டு மூணு நாள் போகத்தான் போகும் பாட்டி. பிள்ளை வாடாம பாத்துக்கிறதுக்குத்தான் இது. கண்ணு குழி விழாம, அழுதா கண்ணீர் வர்ற மாதிரி இருந்தா நாம ஜெயிச்சோம்." எதைப் பார்த்துத் திருப்திப்படுவது என்று சொல்லிக் கொடுத்தபிறகுதான் அவர் ஒத்துக்கொண்டார்.

இரும்புச்சத்து மாத்திரையிலும் இதே கதைதான். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லாமல் மாத்திரை கொடுத்தால், மூன்றாம் நாள் அட்டை பரணுக்குப் போய்விடும். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்கிற பேச்சும் கூடவே கிளம்பும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படியும் இந்த நிலைமை என்றால், அதில் நாங்கள் சொல்லாமல் விட்ட பக்கவிளைவுகளுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

வங்கத்திலிருந்து இரண்டு பாடம்

ஓ.ஆர்.எஸ். பெயர் வாங்கியது மருத்துவமனையில் அல்ல, அகதி முகாமில். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையில் உள்ள பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்ற சலைன் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் அளந்து கலந்து டிரம்மில் வைத்து, உறவினர்களே குவளையில் எடுத்து நோயாளிக்குக் கொடுக்கும்படி செய்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. கொடுத்தது டாக்டரோ நர்ஸோ கிடையாது, அம்மாவும் அக்காவும்தான். உயிர் காக்கும் வைத்தியத்தை வீட்டு ஆட்களிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்று காட்டியவர் அவர். 2022-இல் காலமானார், அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் 1980-இலிருந்து 1990 வரை ஒரு வேலை செய்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பி, மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று தாய்மார்களைக் கரைக்கவைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் சம்பளம் கொடுத்த விதம். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொருவர் போய்ச் சில வீடுகளைச் சோதிப்பார். அந்தத் தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது, கரைத்தது சரியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பணியாளருக்குச் சம்பளம்.

அப்படியும் ஆரம்பத்தில் சறுக்கினார்கள். கரைக்கத் தெரிந்த தாய்மார்கள் நிறையப் பேர் இருந்தும், பிள்ளைக்குப் போகும்போது கொடுப்பவர்கள் குறைவாக இருந்தார்கள். தோண்டிப் பார்த்தால், சொல்லிக்கொடுத்த பணியாளர்களே தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டு ஆண்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதன்பிறகு பணியாளர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், துவண்டு வரும் குழந்தை கரைசல் குடித்து எழுந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்கவைத்தார்கள். சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களிடம் பேசினார்கள். நிலைமை தேறியது.

உங்கள் குழுவையும் முதலில் அப்படிச் சோதியுங்கள். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இப்போது ஒரு பாக்கெட் இருக்கிறது?

சேதியை எழுதுவது

இப்போது வாசகத்துக்கு வரலாம். எங்கள் பக்கத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பிள்ளைக்கு வயித்தால போகுதா? ஒரு பாக்கெட்டை முழுசா, ஒரு லிட்டர் பாட்டில் தண்ணியில கரைங்க. ஒவ்வொரு தடவை போனதும் கொடுங்க. பாக்கெட் அங்கன்வாடியில இருக்கு."

இதற்கு மேல் மைக்கில் எதுவும் வேண்டாம். கைகழுவுதல், கழிப்பறை, தாய்ப்பால், தடுப்பூசி என்று எல்லாம் முக்கியம்தான், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாதம் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நோட்டீஸில் போட்டால் அது பஜ்ஜி மடிக்கத்தான் போகும்.

மீதி விவரம் நேரில் சொல்வதற்கு. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி, பெரிய பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. பாலாடையாலோ ஸ்பூனாலோ கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவாக. கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான், மறுநாள் புதுப் பாக்கெட். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. பாக்கெட் கைக்கு வரும்வரை உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி, மோர். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை என்றால் தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் செவிலியரிடமோ டாக்டரிடமோ காட்டச் சொல்லுங்கள்.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்: பிள்ளை துவண்டு கிடந்தால், குடிக்க மாட்டேன் என்றால், கண் குழி விழுந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகப் போனால், மலத்தில் ரத்தம் இருந்தால் உடனே 108. இதை விட்டுவிட்டுப் பாக்கெட்டை மட்டும் சொல்லிவிட்டு வருவது ஆபத்து.

துத்தநாக மாத்திரையைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த மாத்திரைதான் போக்கின் நாட்களைக் கொஞ்சம் குறைக்கும், அடுத்த சில மாதங்களுக்குத் திரும்ப வருவதையும் குறைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் நாளைக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10. பதினான்கு நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் நின்றதும் அட்டை மூலைக்குப் போய்விடும் என்பதால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். தினசரி காலண்டரில் பதினான்காவது தாளைத் தேடி ஓரத்தை மடித்துவிட்டு, மாத்திரை அட்டையைக் காலண்டர் ஆணியிலேயே நூல் கட்டித் தொங்கவிடுவோம். காலையில் தேதி கிழிக்கிறவர் மாத்திரையையும் கிழிப்பார். பெரும்பாலும் அது தாத்தாவாகத்தான் இருக்கும்.

எங்கே, யார் வாயால்

ஆட்டோவில் மைக் கட்டிப் போவதென்றால் ஓடிக்கொண்டே பேசாதீர்கள். தெருமுனையில் நிறுத்தி, அதே நாலு வரியை இரண்டு தடவை. பகல் பதினொரு மணிக்குத் தெருவில் நாய்தான் இருக்கும். சாயந்திரம் அடுப்பு பற்றவைக்கும் நேரம் சரியானது. போலீஸ் அனுமதி வாங்குங்கள், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. தண்டோரா போடச் சொல்லி யாரையும் கூப்பிடாதீர்கள். 2022-லேயே அரசு அதை நிறுத்தச் சொல்லிவிட்டது, நிறுத்த வேண்டியதும்தான். குரல் உங்கள் ஊர்க் குரலாக இருக்கட்டும். சினிமா டிரெய்லர் குரலில் பேசினால் கடன் மேளா என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆண்களைப் பிடிக்க எங்கள் ஊர்களில் பால் சொசைட்டிக்கு நிகரான இடம் இல்லை. காலையும் மாலையும் வருவார்கள், வரிசையில் நிற்பார்கள், பேச்சுக்கு ஆள் தேடுவார்கள். லிட்டர் கணக்கு அவர்களுக்கு அத்துபடி. அங்கே ஒரு மேசை போட்டு, பாட்டிலும் பாக்கெட்டும் வைத்து, கரைத்துக் குடிக்கவே கொடுங்கள். சுவை தெரிந்துவிட்டால் வீட்டில் தப்பாகக் கரைத்தால் நாக்கே சொல்லிவிடும்: கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கிற இடம், மகளிர் குழுக் கூட்டம் எல்லாம் உங்களுக்கே தெரிந்தவை. கிராமசபையில் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள், ஆனால் அங்கே கேட்க வேண்டியது வேறு, பின்னால் சொல்கிறேன்.

வாட்ஸ்ஆப்பில் பூப்போட்ட படம் அனுப்பாதீர்கள். உங்கள் ஊர் செவிலியரின் குரலில் அரை நிமிஷப் பதிவு அனுப்புங்கள். பெங்களூரில் சித்தாள் வேலையில் இருக்கும் அம்மா அதைக் கேட்டுவிட்டு, ராத்திரி போனில் பாட்டியிடம், "யம்மா, முழுப் பாக்கெட்டையும் போடணுமாம்" என்று சொல்வாள். அந்த ஒரு போன் எங்கள் பத்து வீட்டு விஜயத்துக்குச் சமம்.

கூத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. 1990-களின் கடைசியில் பெண் சிசுக்கொலைக்கு எதிராகத் தருமபுரி மாவட்டம் முழுக்கக் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போயின. கிருஷ்ணகிரி அப்போது எங்களோடு இருந்தது. கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்து சட்டம் பேசினால் எழுந்து போய்விடுகிற பெண்கள், நாடகத்தில் மாமியாரும் மருமகளும் பேசும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மறுநாள் நாங்கள் வீட்டுக்குப் போனபோது பேச்சைத் தொடங்க ஒரு பிடி கிடைத்தது. "நேத்து நாடகத்துல அந்த மாமியா பண்ணினது சரியா?" என்று அவர்களே ஆரம்பித்தார்கள். நாடகம் மட்டும் போயிருந்தாலோ, நாங்கள் மட்டும் போயிருந்தாலோ அது நடந்திருக்காது. மேடை ஏறின மறுநாள் வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அதற்கு ஆள் இல்லை என்றால் கலை நிகழ்ச்சியைத் தள்ளிப்போடுங்கள்.

தெருக்கூத்துக் குழுவிடம் போனால் எழுதிய வசனத்தைக் கொடுக்காதீர்கள். வாத்தியாரிடம் உட்கார்ந்து மூன்றே விஷயம் சொல்லுங்கள்: முழுப் பாக்கெட், ஒரு லிட்டர், போக்கு உடனே நிற்காது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் மீதியைப் பார்த்துக்கொள்வான். ராஜா கொலுவுக்கு வருவதற்கு முன்னால் அவன் எதை வேண்டுமானாலும் பேசலாம், அது கூத்தின் வழக்கம். ஒரு பாரதக் கூத்தில் கட்டியங்காரன், துரியோதனன் சபைக்கு வரத் தாமதமாவதற்கு ராத்திரி தின்ற கறிதான் காரணம் என்று ஆரம்பித்து, அண்ணன் தம்பி நூறு பேருக்கும் நூறு பாட்டில் தேடிக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடினான். "டம்ளர்ல கரைச்சவன் தலையை வாங்குவேன்!" என்று உள்ளிருந்து ராஜா கத்தினார். அந்த ஊர்ப் பிள்ளைகள் ரொம்ப நாளைக்கு அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் அபிமன்யு சாகிற இடத்தில் போய் ஓ.ஆர்.எஸ். பேசச் சொல்லிவிடாதீர்கள். குழுவுக்குப் பேசிய பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

பாக்கெட் கைக்கு எட்ட வேண்டும்

ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்குப் போக ஆரம்பித்தால் அங்கன்வாடி பூட்டியிருக்கும். அதனால் தெருவுக்கு ஒரு வீட்டில் பத்துப் பாக்கெட் இருக்கட்டும், எந்நேரமும் கதவு தட்டலாம் என்கிற வீடாகப் பார்த்து. சாதிக்கு ஒரு தெரு இருக்கிற ஊரில் தெருவுக்கு ஒன்று என்பதை மறக்காமல் செய்யுங்கள். பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். மத்திய அரசு 2014-இலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலத்தை ஒட்டி வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாம் நடத்துகிறது. உங்கள் பிரச்சாரத்தை அதோடு சேர்த்து வைத்துக்கொண்டால் சரக்குத் தட்டுப்பாடு வராது. இருப்பு எவ்வளவு என்று செவிலியரிடம் கேட்காமல் மைக் கட்டாதீர்கள். கேட்டு வந்தவரை ஒருமுறை வெறுங்கையோடு அனுப்பினால் இரண்டாம் முறை வரமாட்டார்.

கடையில் விற்கும் இனிப்புப் பானங்களைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு, சர்க்கரை அதிகமாகச் சேர்த்த டப்பா பானங்கள் பல வருஷம் மெடிக்கல் ஷாப்பிலேயே விற்றன. அதிகச் சர்க்கரை போக்கைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் இதை எதிர்த்துப் பேசி, வழக்குப் போட்டுப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஒரே ஒரு டாக்டர், ஒரே ஒரு கோரிக்கை. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கிராமசபை விஷயம். எல்லாப் பாரத்தையும் அம்மாக்கள் தலையில் ஏற்றும் பிரச்சாரங்கள் எனக்குப் பிடிக்காது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவதும் குளோரின் போடுவதும் உடைந்த குழாயைச் சாக்கடையிலிருந்து தூக்கிப் போடுவதும் ஊராட்சியின் வேலை. கடைசியாகக் கழுவிய தேதி தொட்டி மேலேயே எழுதியிருக்கும், போய்ப் படியுங்கள். அதைக் கிராமசபையில் கேளுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராமசபை. மார்ச் 22 தண்ணீர் தினத்தன்றே ஒன்று வருகிறது, அதைவிட வசதியான நாள் கிடைக்காது.

ஊரில் ஒரு குழந்தை இறந்திருந்தால் அதை மைக்கில் உதாரணமாகச் சொல்லாதீர்கள், பெயர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டுக்கு மட்டும் தனியாகப் போய்விட்டு வாருங்கள். குழந்தைகளைப் படம் எடுத்துக் குழுவில் போடுவதும் வேண்டாம்.

நடந்ததா என்று பார்ப்பது

கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நோட்டீஸ் போனது என்பதெல்லாம் அறிக்கைக்கு ஆகும். ஒரு மாதம் கழித்து, பிரச்சாரத்தில் பேசாத ஒருவரை அனுப்புங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீடுகளில் ஐந்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டால் போதும். மூன்றே மூன்று: வீட்டில் பாக்கெட் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள். கரைத்துக் காட்டுங்கள். இந்த மாதம் பிள்ளைக்குப் போயிருந்தால் என்ன கொடுத்தீர்கள்? பதிலைத் தெருவாரியாக எழுதினால், எந்தத் தெருவில் பாக்கெட்டே போய்ச் சேரவில்லை, எந்தத் தெருவில் இன்னும் டம்ளர்தான் என்று ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும். டம்ளர் தெருவுக்கு மைக் வேண்டாம், பாட்டிலோடு ஒரு ஆள் போனால் போதும்.

கடைசியில் பாக்கெட் வைத்திருக்கும் வீடுகளின் பட்டியலை எழுதி, ஒரு பிரதியைச் செவிலியரிடமும் ஒன்றை அங்கன்வாடியிலும் கொடுத்துவிடுங்கள். செவிலியர் மாற்றலாகிப் போவார், பட்டியல் இருந்தால் வருகிறவர் அதிலிருந்து தொடங்குவார். ஒவ்வொரு வீட்டிலும் பாக்கெட்டின் காலாவதித் தேதியையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் திரும்ப வரும்போது பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க அது வேண்டியிருக்கும்.